நானூத்திப் பதினேழாம் நம்பர் புழு

அந்தச் சிவப்புப் புழு உங்களைச் சுத்தி வளைக்குது தம்பி. நேராப் போகாதீங்க, உள்பக்கமாத் திரும்புங்க. உள்பக்கம்னா உள்பக்கம். இந்தா, முட்டியாச்சு. போச்சு.

கோவிச்சுக்காதீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துகிட்டு அடுத்தவங்க போனை எட்டிப் பாக்குற ஆளு இல்ல நான். புழுவைப் பாத்ததும் வாய் சும்மா இருக்கல, அவ்வளவுதான். நீங்க வேகமா ஓடுற பட்டனை ரொம்ப அமுக்குறீங்க. அமுக்க அமுக்க உடம்பு கரையும். சின்னதா இருக்கும்போது ஓரமாத் திரியணும். எவன் செத்துக் கிடக்கான்னு பாத்துத் திங்கணும். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. இந்தத் தலை நரைச்ச பொம்பளைக்கு இது எப்படித் தெரியும்னு. நான் முதல் இடத்துல இருந்தவ தம்பி. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மூணு மாசம். அதுக்குத்தான் என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. காலையில தூக்குனாங்க, இப்ப உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். கால்ல இடிக்குதே ஒரு டிரங்குப் பெட்டி, அது என்னோடதுதான். கொஞ்சம் உள்ள தள்ளிக்கங்க.

சொல்றேன். திண்டுக்கல் போறதுக்கு இன்னும் நேரம் கிடக்கு.

என் பேரு குருவம்மா. நான் ஏறுன ஸ்டாப்புல ஒரு நூல் மில்லு இருக்குல்ல, பெரிய இரும்பு கேட்டு போட்டு, அதுலதான் இருபத்தெட்டு வருஷம். அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டு வந்தவ. முதல்ல கோன் சுத்துனேன், அப்புறம் பேக்கிங்ல செக்கர். நூல் கோனை எடை பாத்து, ஈரம் பாத்து, அட்டைப்பெட்டியை ஒட்டி, அது மேல பெரிய எழுத்துல ஓ கே போட்டு என் டோக்கன் நம்பரையும் எழுதணும். நானூத்திப் பதினேழு. நானூத்திப் பதினேழு எழுதுன பெட்டி ஒண்ணுகூடத் திரும்பி வந்தது கிடையாது. முட்டி தேஞ்சு நிக்க முடியாமப் போனதும், பொம்பளைப் பிள்ளைக ஹாஸ்டலுக்கு என்னை வார்டனாப் போட்டாங்க. அது ஒன்பது வருஷம்.

எங்க மில்லுல யாரும் யாரையும் பேரு சொல்லிக் கேக்க மாட்டாங்க. மெஸ்ஸுல தட்டு எடுக்கணுமா, நம்பர். காய்ச்சல்னு மாத்திரை வாங்கணுமா, நம்பர். ஒரு தடவை வடமதுரை பெருமாள் கோயில்ல ஐயரு அர்ச்சனைக்குப் பேரு கேட்டாரு. நானூத்திப் பதினேழுன்னு சொல்லிட்டேன். அவரும் அப்படியே சொல்லி மந்திரம் போட்டுட்டாரு. பெருமாளுக்கும் என்னை நம்பராத்தான் தெரியும்.

ஹாஸ்டல்ல நூத்தி முப்பத்தெட்டு பிள்ளைக. எல்லாம் பதினெட்டு, பத்தொம்பது, இருபது. கடமலைக்குண்டு, முதுகுளத்தூர், திருக்கோவிலூர்னு எங்கெங்கயோ இருந்து வந்ததுக. அதுகளை நல்லபடியா வச்சுத் திருப்பி வீட்டுக்கு அனுப்பணும். அதுக்கு முதல் வேலை போனைப் புடுங்குறது. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குக் குடுப்போம், பன்னெண்டு மணிக்கு வாங்கிடுவோம். மத்த நாளெல்லாம் இரும்பு பீரோவுல. ஒவ்வொரு போனும் ஒரு கவருல, கவரு மேல நம்பர். சாவி என் இடுப்புல. ஒன்பது வருஷத்துல ஒரு போன் காணாமப் போனதில்ல, ஒரு போன்ல கீறல் விழுந்ததில்ல. பெத்த தாயிகூட அப்படிப் பாத்துக்க மாட்டா.

இந்த வனரோஜான்னு ஒருத்தி. கடமலைக்குண்டுக்காரி, ஒல்லியா, கழுத்து மட்டும் நீளமா இருப்பா. அம்மா செத்துப்போச்சு. அப்பன் வேறொருத்தியைக் கட்டிக்கிட்டு எந்தப் பக்கம் போனான்னே தெரியல. இருக்குறது ஒரே அக்கா, செண்பகம். அது திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி ஹாஸ்டல்ல இருக்கு. அதுகிட்ட சொந்தமாப் போன் கிடையாது. அங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் வார்டன் போனுக்கு யாராவது கூப்பிட்டா கூப்பிட்டுக் குடுப்பாங்க. எங்க இடத்துல போன் பத்து டு பன்னெண்டு. அங்க நாலு டு ஆறு. புரியுதுல்ல உங்களுக்கு.

வனரோஜா வந்து நின்னா. "வார்டன்மா, எனக்கு மட்டும் போனை நாலு மணிக்குக் குடுங்க. பத்து மணிக்கு வேண்டாம். அதே ரெண்டு மணி நேரம்தான." நான் முடியாதுன்னுட்டேன். ஒருத்திக்கு வளைஞ்சா நூத்தி முப்பத்தெட்டு பேருக்கும் வளையணும். அப்புறம் அது ஹாஸ்டலா இருக்காது, சந்தையா இருக்கும். அவளும் அதுக்கப்புறம் கேக்கல. நல்ல பிள்ளை, சொன்னாக் கேட்டுக்கும்னு நினைச்சேன்.

அப்பதான் கம்ப்யூட்டர் வந்துச்சு. வெளிநாட்டுல இருந்து நூல் வாங்குறவங்க வந்து பாப்பாங்களாம், பிள்ளைகளுக்கு என்ன செஞ்சு குடுத்திருக்கீங்கன்னு கேப்பாங்களாம். அதுக்காக ஆறு கம்ப்யூட்டர் போட்டு, சுவத்துல பயிற்சிக் கூடம்னு எழுதி, சாயங்காலம் ஆறு மணியில இருந்து ஏழு மணி வரைக்கும் திறந்து விடச் சொன்னாங்க. டைப் அடிக்கப் பழகலாம், தையல் பாடம் பாக்கலாம். வேற எதுவும் வராது. எல்லாத்தையும் அடைச்சு வச்சிருந்தாங்க. படம் வராது, பாட்டு வராது, பேசுறது எழுதுறது ஒண்ணும் வராது. இர்ஃபான்னு நெட்வொர்க் பாக்குற ஒரு தம்பி மாசம் ஒருக்கா திண்டுக்கல்ல இருந்து வந்து, புதுசா எதுவும் திறந்திருக்கான்னு பாத்து அடைச்சுட்டுப் போகும். சாவி இல்லாத பூட்டுன்னு சொல்லும். எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு அந்தப் பூட்டு.

ஒரு திங்கக்கிழமை சாயங்காலம் பாக்குறேன், வனரோஜா உள்ளங்கையில மருதாணி. பூவும் இல்ல, கொடியும் இல்ல. இங்கிலீஷ் எழுத்து. மூணு எழுத்து, ஒரு புள்ளி, மறுபடி அஞ்சாறு எழுத்து. பையன் பேரு எழுதிட்டாடான்னு கையைப் புடிச்சுட்டேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனா அட்டைப்பெட்டியில எழுதுற பெரிய எழுத்து ஒண்ணொண்ணாத் தெரியும். கூட்டிக் கூட்டிப் பாக்குறேன், ஒரு பேரும் வரல. புள்ளி வச்ச பையன் எந்த ஊருல இருக்கான் தம்பி. அரை மணி நேரம் விசாரிச்ச பிறகுதான் சொன்னா. அது ஒரு விளையாட்டோட விலாசமாம். பழைய விலாசத்தை இர்ஃபான் அடைச்சுட்டுப் போனா, அந்த விளையாட்டுக்காரனே புது விலாசம் ஒண்ணு திறப்பானாம். ஞாயித்துக்கிழமை போன் கைக்கு வரும்போது தேடிப் புடிச்சு, பேப்பர்ல எழுதுனா நான் புடிச்சுடுவேன்னு கையில மருதாணியா வச்சுக்கிட்டு வந்திருக்காளுக. வாரம் ஒருத்தி கை. அந்த வாரம் பூராவும் அந்தக் கையைப் பாத்து எல்லாரும் உள்ள போவாளுக. என்ன மூளை பாருங்க.

அன்னைக்கே ஆபீசுல சொல்லியிருக்கணும். சொல்லல. என்னன்னு தெரியாம எப்படிச் சொல்றது? ஆபத்தான விளையாட்டா, அசிங்கமான விளையாட்டா, வார்டன்னா பாத்துத் தெரிஞ்சுக்கணும்ல. அதுக்காகத்தான் உக்காந்தேன். சோதனை பண்ண. உள்ள போனதும் ஒரு பெட்டி வந்துச்சு, பேரு கேக்குதுன்னு சொன்னாளுக. பேரு கேட்டா என்ன அடிப்பேன்? நானூத்திப் பதினேழு. அடிச்சேன். கண்ணு ரெண்டு வச்ச ஒரு புழு, தலைக்கு மேல நானூத்திப் பதினேழுன்னு போட்டுகிட்டு நெளியுது. ஒரு நாளுல சோதனை முடியல. மறுநாளும் பாத்தேன். அப்படியே மூணு மாசம் சோதனை பண்ணேன்.

விளையாட்டுக்குன்னு ஒரு எண் போட்டு உள்ள போனா வெளியாள் வர மாட்டான், நம்ம ஆளுக மட்டும்தான். எங்க ஹாஸ்டல் பிள்ளைக, திருப்பூர் ஹாஸ்டல் பிள்ளைக. அங்கயும் இதே மாதிரி ஒரு கம்ப்யூட்டர் ரூம் இருக்கு. அங்க இன்னும் யாரும் அடைக்கல, அதனால வாசல் வேற வேற, மைதானம் ஒண்ணுதான். ஒரு பதிமூணு பதினாலு புழு திரியும். முதல் இடம் யாருன்னு மேல எழுதிக் காட்டும். மொத வாரமே நான்தான். பிள்ளைகளுக்கு என் புழுவைக் கண்டா அவ்வளவு பயம். நான் வர்றேன்னு தெரிஞ்சா அப்படியே ஒதுங்கி வழி விட்டுடுவாளுக. சில பேரு என் முன்னாலயே பயத்துல சுவத்துல முட்டிச் செத்து, அத்தனை தீனியும் எனக்கே கிடைக்கும். கை அப்படி வந்துருச்சு எனக்கு. செக்கர் கை, தம்பி. நிதானம்.

ஆனா இந்த வனரோஜா விளையாடுறது எனக்குப் புரியல. நல்லா நீளமா வளந்திருக்கும் புழு, வேணும்னே கொண்டுபோய் முட்டுவா. சாவா. மறுபடி சின்னப் புழுவா வருவா. வந்ததும் மறுபடி முட்டுவா. பாக்கப் பாக்க எனக்கு எரிச்சல். ஒரு நாள் பின்னால நின்னு தலையில ஒண்ணு போட்டேன். ஏண்டி, இப்படியா விளையாடுறதுன்னு. அவ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமச் சொன்னா. "அக்காகூடப் பேசிக்கிட்டு இருக்கேன் வார்டன்மா. சாகாமப் பேச முடியாது."

என்னன்னா, அந்த விளையாட்டுல பேச வசதி கிடையாது. பேரு மட்டும்தான் போடலாம். அந்தப் பேரையும் செத்தாத்தான் மாத்தலாம். அதனால பேரு போடுற இடத்துல பேச்சைப் போட்டாளுக. சாப்பிட்டியான்னு ஒரு புழு வரும். அதைப் படிச்சதும் அந்தப் பக்கத்துப் புழு முட்டிச் செத்து, புளிச்சோறுன்னு பேரு வச்சுக்கிட்டு வரும். இது செத்து, கையில கட்டு எதுக்குக்கான்னு வரும். கையில கட்டுன்னு மொத நாளே சொல்லியிருக்கும் போல. அது செத்து, மிஷின் ஊசி ஏறிடுச்சுன்னு வரும். ஒரு வார்த்தைக்கு ஒரு சாவு. எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல தமிழ். எனக்குப் படிக்க வராது, வனரோஜாதான் படிச்சுச் சொன்னா. செண்பகத்தோட மஞ்சள் புழு என் புழுவைக் கண்டாலே ஓடும். நானூத்திப் பதினேழு வந்தா ஓடுக்கான்னு இவ சொல்லி வச்சிருக்கா.

தடுக்கணும்னுதான் நினைச்சேன். அப்புறம் யோசிச்சேன். போன்ல பேசக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. புழுல பேசக்கூடாதுன்னு எங்கயும் எழுதல. விட்டுட்டேன்.

எனக்கும் ஒரு மக இருக்கா தம்பி. வத்தலக்குண்டுல கட்டிக் குடுத்தது. இப்ப அவ வீட்டுக்குத்தான் போறேன். போறேன்னு அவளுக்கு இன்னும் தெரியாது, போன் எடுக்கல. ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா எடுப்பா, மத்த நாள் எடுக்க மாட்டா. அவளுக்கும் வேலை இருக்கும்ல.

எங்க விட்டேன். ஆங், புதன்கிழமை. போன மாசம் கடைசிப் புதன்கிழமை சாயங்காலம் செண்பகம் புழு வந்துச்சு, என்னைய மாத்துறாங்கன்னு பேரு போட்டுகிட்டு. வனரோஜா உடனே செத்து, எங்கன்னு கேட்டா. நாளைக்குச் சொல்றேன்னு அது வந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையில வண்டியில ஏத்திடுவாங்களாம், எந்த ஊரு யூனிட்டுன்னு வியாழக்கிழமைதான் சொல்லுவாங்களாம். புது யூனிட்டுக்குப் போனா மூணு மாசத்துக்கு வெளித்தொடர்பு கிடையாது. லெட்டர் கிடையாது, போன் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. புது இடம் பழகணும்ல, எங்க மில்லுலயும் அதேதான், நல்ல சட்டம்தான். ஆனா ஊரு தெரியாமப் போயிட்டா? பழைய கம்பெனியில கேட்டாச் சொல்ல மாட்டாங்க. போன வருஷம் இப்படித்தான் ஒரு பொண்ணை மாத்தி மாத்திப் போட்டு, அவ அண்ணன் நாலு கம்பெனி வாசல்ல போய் நின்னு விசாரிச்சான். எங்கயும் பதில் இல்ல. வனரோஜா அன்னைக்கு ராச்சாப்பாடு சாப்பிடல. மறுநாள் ஆறு மணியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. எனக்கும் அப்படித்தான், ஆனா நான் சாப்பிட்டேன். வார்டன் சாப்பிடலைன்னா மெஸ்ஸுல பேசுவாங்க.

வியாழக்கிழமை. ஆறு மணி அடிச்சு நான் கதவைத் திறக்குறேன், பின்னாலயே வந்து நிக்கிறாரு ஹெச்.ஆர். சார். அருளானந்தம்னு பேரு. கூட இர்ஃபான் தம்பி, முகத்துல ரத்தமே இல்ல. வெளிநாட்டுக்காரங்க வரப்போறாங்கன்னு கணக்கெடுத்துப் பாத்தாங்களாம். தினமும் ஆறு டு ஏழு இந்த ரூம்ல இருந்து ஒரே விலாசத்துக்குப் போகுதாம். பிள்ளைகளை எல்லாம் வெளிய முத்தத்துல போய் நிக்கச் சொன்னாரு. வனரோஜா போகும்போது என்னைப் பாத்தா. என்ன பார்வைன்னு சொல்ல எனக்குத் தெரியல. பாத்தா.

இர்ஃபான் ஒரு கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கத்தைத் திறந்துச்சு. பேரு கேக்குற பெட்டி வந்துச்சு. அதைத் தொட்டதும் தம்பி, அதுக்குக் கீழ சரசரன்னு ஒரு பட்டியல் இறங்குது. இதுவரைக்கும் அங்க அடிச்ச பேரு அத்தனையும் அந்தக் கம்ப்யூட்டர் ஞாபகம் வச்சிருக்கு. எங்களுக்கு அது தெரியாது. சாரு கண்ணாடியைப் போட்டுகிட்டு ஒண்ணொண்ணா வாய்விட்டுப் படிச்சாரு. சாப்பிட்டியா. புளிச்சோறு வேண்டாம். அம்மா திதி எப்ப. தலைக்குக் குளிச்சியா. அழாத. அழல. நீதான் அழற. இன்னொரு நிமிஷம் இரு.

படிக்கப் படிக்க அவர் குரல் கொஞ்சம் இறங்குச்சு. ஆனா நிறுத்தல. கடைசியில அந்த நம்பர்.

நானூத்திப் பதினேழு யாருன்னு கேட்டாரு. அவருக்குத் தெரியும், என் கழுத்து அட்டையில தொங்குதே. அவராவே ஒரு வழியும் காட்டுனாரு. பிள்ளைக உங்க நம்பரைத் திருட்டுத்தனமாப் போட்டிருப்பாங்க, அப்படித்தான குருவம்மா, அப்படின்னு. ஆமான்னு சொல்லியிருந்தா அந்த நிமிஷமே முடிஞ்சிருக்கும். ஆனா எப்படித் தம்பி சொல்றது. முதல் இடத்துல இருக்குற நம்பர். அதை எவளோ விளையாடுனதுன்னா? நான்தான் சார்னு சொன்னேன். நான்தான் அனுமதி குடுத்தேன், நான்தான் விளையாடுனேன், நான்தான் ஒண்ணாவது.

சாரு உடனே அடைங்கன்னாரு. இர்ஃபான், உள்ள போய்ப் பாத்தாத்தான் சார் எங்கெங்க இருந்து வர்றாங்கன்னு தெரியும்னு சொல்லி, அந்தப் பட்டியல்ல இருந்த என் நம்பரையே அமுக்கி உள்ள போயிடுச்சு. போனா, மைதானம் காலி. எங்க பிள்ளைக எல்லாம் முத்தத்துல நிக்குதுக. ஒரு மூலையில ஏழெட்டுத் திருப்பூர்ப் புழு. அதுல ஒண்ணு, என்னைக் கண்டா எப்பவும் ஓடுற அதே மஞ்சள் புழு, நேரா என் முன்னால வந்து சுத்துது. தலைக்கு மேல பெரிய எழுத்துல ஏதோ எழுதியிருக்கு.

நகரு தம்பின்னு இர்ஃபானைத் தள்ளிட்டு நாற்காலியில உக்காந்துட்டேன். படிக்க வராதே எனக்கு. எழுத்துதான் தெரியும். ஜன்னலைப் பாத்து, பேக்கிங்ல மிஷின் சத்தத்துக்கு மேல கத்துவோம் பாருங்க, அந்தக் குரல்ல கத்துனேன். பி. ஏ. எல். இன்னொரு எல். ஏ. டி. ஏ. எம்.

சாரு பக்கத்துல வந்து என்ன பண்றீங்கன்னு கேக்குறாரு. நான் திரும்பல. ஒரு கையால கம்ப்யூட்டர் எலியைப் புடிச்சுக்கிட்டு மறுபடி முதல்ல இருந்து கத்துறேன். அப்புறம் குழாயடிப் பக்கம் இருந்து வனரோஜா குரல் வந்துச்சு. "பல்லடம். பல்லடம் வார்டன்மா."

அதுக்குள்ள மஞ்சள் புழு போய் முட்டிச் செத்துச்சு. அடுத்த வார்த்தை சொல்லணும்ல. சாரு கேபிளைக் கழட்டச் சொல்றாரு. இர்ஃபான் கீழ குனிஞ்சு எந்தக் கேபிள் சார், நீலமா கறுப்பான்னு கேக்குது. ஆறு வருஷமா கேபிள் பாக்குற பையன். நான் என்ன பண்ணேன் தெரியுமா, சொல்ல வெக்கமா இருக்கு. செண்பகம் செத்த இடத்துல மினுமினுன்னு தீனி கிடந்துச்சு, கை பாட்டுக்குப் போய் அத்தனையும் தின்னுடுச்சு. பழக்கம். மேல பாத்தா முதல் இடம், நானூத்திப் பதினேழு.

அவ திரும்பி வந்தா, சின்னப் புழுவா. யூ என் ஐ டி, மூணு. அதையும் கத்துனேன். யூனிட் மூணுன்னு முத்தத்துல நாலஞ்சு குரல் சேந்து வந்துச்சு. வனரோஜா குரல் அதுல இல்ல. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கிட்டு நின்னான்னு பின்னால சொன்னாளுக.

இங்க கிடைச்சுருச்சுன்னு அங்க இருக்கவளுக்கு எப்படித் தெரியும்? அவ பாட்டுக்கு என் முன்னால சுத்திக்கிட்டே இருக்கா. பதில் சொல்லணும்னா நான் சாகணும். மூணு மாசத்துல நானா ஒரு தடவை செத்தது கிடையாது தம்பி. அதுவும் முதல் இடத்துல இருக்கும்போது. சாரு கை மெயின் சுவிட்சுக்குப் போகுது. திருப்பிக் கொண்டுபோய் ஒரு பச்சைப் புழு மேல முட்டுனேன். அவ்வளவு பெரிய உடம்பும் பொடிப்பொடியா ஆச்சு. பேரு கேக்குற பெட்டி வந்துச்சு. எனக்கு எழுதத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான, பேக்கிங்ல அத்தனை வருஷமா அட்டைப்பெட்டியில எழுதுனது. ஓ கே 417.

உள்ள போனேன். மஞ்சள் புழு என்னை ஒரே ஒரு சுத்து சுத்துச்சு, முட்டாம, நெருக்கமா. அப்புறம் திரை கறுப்பாயிடுச்சு.

பன்னெண்டு நாள் விசாரணை வச்சாங்க. ஒரு பேப்பர் அடிச்சுக் கொண்டுவந்து கையெழுத்துப் போடச் சொன்னாங்க. படிச்சுக் காட்டுங்கன்னேன். பிள்ளைக என்னை ஏமாத்திட்டாளுக, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருந்துச்சு. போட்டா வேலை உண்டு, வனரோஜாவையும் இன்னும் நாலு பேரையும் ஊருக்கு அனுப்பிடுவாங்க. என்னை எவளும் ஏமாத்தல சார், என்னை ஏமாத்த இன்னும் ஒருத்தி பிறக்கலைன்னுட்டேன். அனுமதி குடுத்தது வார்டன், அப்புறம் பிள்ளைகளைக் குத்தம் சொல்ல உங்க சட்டத்துல இடமிருக்கான்னு கேட்டேன். சட்டம் எனக்கும் தெரியும்ல, ஒன்பது வருஷமா நான்தான அதைப் பாத்துக்கிட்டேன். என்னை மட்டும் தூக்குனாங்க. தூக்கட்டும். இன்னொரு தடவை அப்படி ஒரு வியாழக்கிழமை வந்தாலும் அதேதான் செய்வேன். ஜன்னலைத் திறந்து வச்சுக் கத்துவேன்.

இன்னைக்குக் காலையில புது வார்டன்கிட்ட பீரோவை ஒப்படைச்சேன். நூத்தி முப்பத்தெட்டு போன், நூத்தி முப்பத்தெட்டு கவரு, ஒண்ணு குறையல. பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கிறேன். கேட்டுக்கு உள்பக்கம் வனரோஜா ஓடி வந்து கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னா, தலையெல்லாம் பஞ்சு. ஷிப்டு இடைவேளை, கால் மணி நேரம்தான் அவளுக்கு.

ஞாயித்துக்கிழமை லீவு வாங்கிக்கிட்டுப் பல்லடம் போயிட்டு வந்துட்டாளாம். யூனிட் மூணைக் கண்டுபுடிச்சு வாசல்ல நின்னு, கூடப் பொறந்தவ நேர்ல வந்திருக்கேன், பாக்காமப் போக மாட்டேன்னு உக்காந்துட்டாளாம். இவளா அது. பத்து நிமிஷம் விட்டாங்களாம். அக்கா கையில கட்டு அவுத்தாச்சாம். எலும்புல படலையாம். பத்து நிமிஷமும் ரெண்டு பேரும் கையைப் புடிச்சுக்கிட்டே நின்னாங்களாம். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு தம்பி. பாத்தியாடி, எல்லாம் இந்த நானூத்திப் பதினேழு குடுத்த உயிருன்னு சொன்னேன்.

அவ சிரிச்சா. அப்புறம் கம்பியில நெத்தியை வச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னா. "வார்டன்மா, அன்னைக்கு அந்தப் போனை நாலு மணிக்குக் குடுத்திருந்தீங்கன்னா..."

அவ்வளவுதான் சொன்னா. முடிக்கல. மணி அடிச்சுருச்சு, அவளும் போகல, நின்னுகிட்டுதான் இருந்தா.

அதுக்கு எங்கிட்ட பதில் இல்லாம இல்ல. இருந்துச்சு, நல்ல பதில். வாய் வரைக்கும் வந்துருச்சு. அதுக்குள்ள உங்க பஸ் வந்து நின்னுருச்சு தம்பி.